கீழ்வளையின் ஈரச் சுவர்

ஒரு காட்டில், மலைச்சரிவு ஒன்றில், முள்ளம்பன்றி ஒருவர் மேலும் கீழுமாக இரண்டு வளைகளைத் தோண்டி வைத்திருந்தார். மேல்வளையில் அவர் வசித்தார். கீழ்வளையை வாடகைக்கு விட்டிருந்தார். பௌர்ணமிதோறும் ஒரு கூடை கோரைக்கிழங்கு வாடகை.

அந்தக் கீழ்வளையில் முயலம்மா தன் மகள் நுணாவோடு குடியிருந்தாள். குடிவந்த அன்றே அவளும் முள்ளம்பன்றியாரும் பேசி ஒப்புக்கொண்டார்கள். வீட்டைப் பெருக்குவது, பழைய புல்லை மாற்றுவது, வாசலைத் திறந்து காற்றாட விடுவது எல்லாம் முயலம்மாவின் பொறுப்பு. சுவரும் கூரையும் முள்ளம்பன்றியாரின் பொறுப்பு.

முயலம்மா தன் பங்கில் ஒரு நாள்கூடக் குறை வைத்ததில்லை. முள்ளம்பன்றியாரும் கெட்டவர் இல்லை, குழந்தைகளே! ஆனால் தன்மேல் தவறு இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே தோன்றாது. யாராவது குறை சொல்ல வாயைத் திறந்தால் போதும், முதுகு முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொள்ளும். அப்புறம் யார் கிட்டே நின்று பேசுவது?

மழைக்காலம் வந்தது. கீழ்வளையின் உட்சுவரில் அரசிலை அளவுக்குக் கறுப்பாகப் பூஞ்சை பூத்தது. பத்தே நாளில் கூரைவரை ஏறிவிட்டது. படுக்கைப் புல் நமுத்துப் போயிற்று. நுணாவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. பகலில் காட்டின் மற்ற முயல்குட்டிகள் எல்லாம் சுருண்டு தூங்க, இவள் மட்டும் எழுந்து உட்கார்ந்து இருமுவாள். மூச்சு கீச்சுக் கீச்சென்று இழுக்கும். முயலம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டே விழித்திருப்பாள்.

ஒரு நாள் அவள் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு மேல்வளைக்குப் போனாள்.

"ஐயா, சுவரெல்லாம் ஈரமா இருக்கு. பூஞ்சை படருது. குழந்தைக்கு மூச்சு இழுக்குது. கொஞ்சம் வந்து பாருங்க."

முள்ளம்பன்றியார் அப்போது தன் ஊறல் குழியின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பல் தேய்ந்து போனதால் கிழங்கைத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் அவரால் தின்ன முடியும். அதற்காகவே வீட்டு வாசலில் ஒரு குழி வெட்டி, தினமும் அதில் தண்ணீர் நிரப்பி வந்தார். அந்தக் குழி என்றால் அவருக்கு உயிர்.

"நான் தோண்டின வளையில ஈரமா?" என்றார். முள் சிலிர்த்தது. "வீட்டுக்குள்ள ஈரப்புல்லைக் காயப்போட்டிருப்பே."

"இல்லைங்க ஐயா. காஞ்ச புல்லைத்தான் கொண்டுவரேன்."

"சரி சரி, பார்க்கறேன்."

பார்க்கத்தான் செய்தார். பூஞ்சையின் மேல் வெள்ளைக் களிமண்ணைப் பூசினார். சுவர் பளிச்சென்று ஆயிற்று. ஐந்தாம் நாள் அந்த வெள்ளையைப் பொத்துக்கொண்டு பூஞ்சை மறுபடியும் எட்டிப் பார்த்தது.

முயலம்மா மீண்டும் போனாள்.

"அம்மாவும் மகளும் இப்படி மூச்சு விட்டுக்கிட்டே இருந்தா சுவர் வேர்க்காம என்ன செய்யும்?" என்று சீறினார் முள்ளம்பன்றியார். "பிடிக்கலைன்னா காலி பண்ணிடு!"

மூச்சு விடுவதும் குற்றமாம்! மழைக்காலத்தில் வேறு வளை எங்கே கிடைக்கும்? நுணாவைத் தூக்கிக்கொண்டு எங்கே போவாள்? ஆனால் அவள் சண்டை போடவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"சரிங்க ஐயா. எங்க மூச்சுதான் காரணம்னா ஒண்ணு செய்வோம். நான் சுவரைச் சுரண்டி, துடைச்சு, புதுப் புல்லு போட்டு வைக்கறேன். நீங்களே வாசலை அடைச்சுடுங்க. நாங்க மூணு நாள் புதருக்கடியில இருக்கோம். திறந்து பார்க்கும்போது சுவர் காஞ்சிருந்தா, ஒரு வார்த்தை பேசாம காலி பண்ணிடறேன்."

"ஈரமா இருந்தா?"

"அப்ப அது யாரோட மூச்சுன்னு நீங்கதான் சொல்லணும்."

முள்ளம்பன்றியார் சிரித்தார். பெரிய கல்லை உருட்டி வந்து வாசலை அடைத்தார்.

நல்லவேளை, மழை விட்டிருந்தது. மூன்று நாளும் சுள்ளென்று வெயில். நான்காம் நாள் காலையில் முள்ளம்பன்றியார் கல்லை நகர்த்தினார். முயலம்மா அவருக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள்.

"வாங்க, வாங்க!" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது.

படுக்கையின் நடுவில் கொழுகொழுவென்று ஒரு தவளை உட்கார்ந்திருந்தது.

"வீட்டுக்காரர் நீங்கதானா? உங்களைத்தான் கும்பிடணும்னு இருந்தேன். வெளியே வெயில்ல என் தோலே காஞ்சு போச்சு. இங்க வந்தா சுவர்ல தண்ணி சொட்டுது! படுக்கையைப் பிழிஞ்சா குடிக்கவே தண்ணி கிடைக்குது! இந்த மாதிரி வீட்டை யார் கட்டித் தருவாங்க?"

முள்ளம்பன்றியாரின் முகம் சுருங்கியது. "வாசலை நான்தானே அடைச்சேன். நீ எப்படி உள்ள வந்தே?"

"மேலே ஒரு குழியில கிழங்கு ஊறுதில்ல? அதுல குளிச்சுக்கிட்டிருந்தேன். அடியில பெரிய விரிசல். தண்ணி இறங்கற வழியிலேயே நானும் இறங்கிட்டேன். வழிகூட விட்டு வெச்சிருக்கீங்களே, மகராசன்!"

முள்ளம்பன்றியார் சுவரைத் தொட்டுப் பார்த்தார்; ஈரம் கையில் ஒட்டியது. பழக்கதோஷத்தில் முள் மட்டும் சிலிர்த்து நின்றது. அந்த நேரம் வெளியே நுணா இருமினாள். சின்ன உடம்பு முழுவதும் குலுங்க இருமினாள். அதைக் கேட்டதும் அவருடைய முட்கள் ஒவ்வொன்றாகப் படிந்தன.

"இந்தச் சத்தத்தைத் தினமும் மேலேயிருந்து கேட்டிருக்கேன்," என்றார் மெதுவாக. "மழைன்னா பிள்ளைங்க இருமத்தான் செய்யும்னு திரும்பிப் படுத்துக்கிட்டேன். தப்பு என்னோடதும்மா."

வென்றுவிட்டோம் என்று முயலம்மா குதிக்கவில்லை. "இப்பவாவது தெரிஞ்சுதே ஐயா. முதல்ல குழியைத் தூர்த்துடுங்க," என்றாள்.

"தூர்த்துடறேன். ஆனா சுவர் காய ஒரு வாரம் ஆகும். அதுவரைக்கும் நீயும் குழந்தையும் மேல்வளையில இருங்க."

"அப்ப நீங்க?"

"எனக்கென்ன, எந்தப் பாறையிடுக்கும் போதும்."

அன்றே அவர் குழியை மண் போட்டு மூடினார். விரிசலைக் களிமண் வைத்து இடித்து அடைத்தார். பூஞ்சை பிடித்த சுவரைப் புது மண் தெரியும்வரை சுரண்டி எடுத்தார். காற்று வர இன்னொரு துளையும் போட்டார். "நல்ல வீட்டைக் கெடுத்துட்டீங்களே!" என்று முணுமுணுத்துக்கொண்டே தவளை ஓடைப்பக்கம் போயிற்று.

உலர்ந்த மேல்வளையில் முதலிரண்டு நாளும் நுணா இருமிக்கொண்டுதான் இருந்தாள். மூன்றாம் நாள் மத்தியானம் முயலம்மா திடுக்கிட்டு விழித்தாள். இருமல் சத்தமே இல்லை. பயந்துபோய் மகளின் நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தாள். மூச்சு சீராக வந்து போய்க்கொண்டிருந்தது.

வாசலில் முள்ளம்பன்றியாரின் தாழ்ந்த குரல் கேட்டது.

"என்னம்மா, ஒரு சத்தத்தையும் காணோமே. குழந்தை நல்லா இருக்காளா?"

"தூங்கறா ஐயா," என்றாள் முயலம்மா. சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

நீதி: வீட்டை வாடகைக்கு விடுகிறவர், அதில் வாழ்பவர் நலமாக மூச்சு விடும்படி அதைப் பழுதின்றி வைத்திருக்க வேண்டும், குறையைச் சொல்லிக் கேட்பது குடியிருப்பவரின் உரிமை.