மாசானம் நிறுத்திய பாட்டு

கோயில் கொடை விழா வந்தாலும் வந்தது, ஊரிலே ஒருத்தர் பேச்சு ஒருத்தருக்குக் கேட்கவில்லை! கமிட்டித் தலைவர் வைகுண்டராசா மரத்துக்கு மரம் குழாய் ஸ்பீக்கர் கட்டச் சொல்லிவிட்டார். தொட்டில் பிள்ளை தூங்கவில்லை. கறவை மாடு மிரண்டு பாலை அடக்கிக்கொண்டது.

மைக்செட்டில் கூலிக்கு வேலை பார்க்கும் மாசானம் மட்டும் தலைவரிடம் கேட்டான்: “பாதியக் கழட்டிருவமா அண்ணாச்சி? சனங்க காது தாங்காது.”

“ஏல, இதென்ன ஆலைப் புகையா, சாயத் தண்ணியா? வெறும் பாட்டுதானல! கஷ்டம்னு ஒருத்தன் இப்பவே என் காதுபடச் சொல்லட்டும். இல்லன்னா உனக்கு இந்த ஊர்ல வேலை கிடையாது!”

“ஒருத்தர் என்ன அண்ணாச்சி, ஊரே சொல்லும்” என்ற மாசானம் சட்டென்று மெயின் சுவிட்சை அமர்த்தினான்.

பாட்டு நின்றது. சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிக்கொண்டிருந்த சனங்களுக்குக் குரலைத் தணிக்க நேரமில்லை. “காது கிர்ருங்குது!” என்றது பந்தி. “பச்சப்பிள்ளை துடிக்குதே!” என்றது தெருமுனை. முன்வரிசையில் தலைவரின் சம்சாரம் பக்கத்து வீட்டுக்காரியிடம் கத்தியதோ கோயில் முழுக்க முழங்கியது:

“இந்தக் குழாயவும் எங்க வீட்டு மனுசனையும் சேத்துக்கட்டி ஆத்துல தூக்கிப் போடணும்!”

தலைவர் மரத்துக் குழாயை அண்ணாந்து பார்த்தார். “ஏல மாசானம், ஏணி எங்கல?”

“அப்பவே மரத்துல சாத்தி வச்சாச்சு அண்ணாச்சி!”