ஓணான் ஒப்புக்கொண்ட கதை

அந்தக் காலத்தில் ஊர்வனவும் பறப்பனவும் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்தன. அப்போதும் கூட்டம் இருந்தது, கைதட்டல் இருந்தது, மாலை இருந்தது. மாலைக்குக் கழுத்தை நீட்டியவர்களும் இருந்தார்கள்.

ஒரு சோளக்கொல்லைக்கும் வாய்க்காலுக்கும் நடுவே நீளமான கிளுவை முள்வேலி. அதன் அடியிலும் நடுவிலும் உச்சியிலுமாக அணில், சுண்டெலி, தவளை, அரணை என்று நூறு குடித்தனங்கள். அந்த வேலிக்கே வாத்தியார் முள்ளையன் என்ற ஓணான். அவன் கற்றுக்கொடுத்தது வால்வரிசை என்ற சண்டைக்கலை. வலதுகாலை முன்வைத்து, உடம்பைப் பாதி திருப்பி, வாலை மேலிருந்து இறக்குவது ஓர் அடி. சுழன்று, தரையோடு தரையாக இழுப்பது இன்னோர் அடி. இப்படி மொத்தம் பதினெட்டு. அவன் பதினெட்டையும் ஒரே மூச்சில் சுற்றும்போது வால் தெரியாது, விர்ரென்ற சத்தம் மட்டும் கேட்கும்.

அந்தக் கலைக்கு ஒரு சட்டம் உண்டு. ஆட்டம் தொடங்குமுன் இருவரும் வால் உள்ளவராயின் வாலையும், இல்லாதவராயின் கையையும் செம்மண் குழம்பில் தோய்த்துக்கொள்ள வேண்டும். யார் உடம்பில் முதலில் செம்மண் ஒட்டுகிறதோ, அவன் அந்த இடத்திலேயே கைகட்டி உட்கார்ந்துவிட வேண்டும். அடித்தவன் அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, சபைக்கு வணக்கம் வைக்க வேண்டும். உட்கார்ந்தவனை மறுபடி அடிப்பது கேவலம். மண் பட்டும் உட்காராமல் நிற்பது அதைவிடக் கேவலம். யாருக்கும் ரத்தம் வராத அழகான சட்டம். அதை எழுதியவன் முள்ளையன்தான்.

மாதத்துக்கு ஒருமுறை வாய்க்கால் ஓரத்துப் பாறையில் காலை வெயில் ஏறும் நேரம் ஆட்டம் நடக்கும். ஒன்பது சீடர்கள் வரிசையாக வருவார்கள். ஒன்பது பேரும் வரிசையாக உட்காருவார்கள். கடைசியாக வருகிறவன் குதியாண்டி என்ற தவளை. அவன் உட்காருகிற அழகைப் பார்க்கவே பக்கத்து வேலியிலிருந்து ஆள் வரும். வாத்தியார் வாலைச் சுழற்றியதும் ஆளுயரம் எம்பி, காற்றில் இரண்டு குட்டிக்கரணம் போட்டு, தொப்பென்று விழுந்து, எழுந்து கைகட்டி உட்காருவான். வேலி முழுக்கக் கைதட்டும். முள்ளையன் நெஞ்சு நிமிர்ந்து வணக்கம் வைப்பான். அந்தக் கணத்தில், தன்னை வெல்ல இந்த மண்ணில் ஒருவரும் இல்லை என்று அவன் முழுமனதாக நம்பினான்.

ஒரு நாள் ஆட்டம் முடிந்த கையோடு மினுக்காயி என்ற அரணை கூட்டத்தின் நடுவில் வந்து நின்றாள். அவள் கிழக்கு வேலிக்காரி. அங்கே செம்போத்துப் பறவை ஒன்று புகுந்து அவளுடைய முதல் ஈட்டு முட்டைகளைத் தின்றுவிட்டது. தப்பி இந்த வேலிக்கு வந்து, வேலியடி மண்ணில் மறுபடி ஐந்து முட்டை இட்டிருந்தாள்.

"கிழக்கு வேலிய அந்தச் செம்போத்து நேத்தோட தொடச்சிருச்சு. நாளைக்கு இங்கதான் வரும்," என்றாள். "அந்தா தெரியுது பாருங்க கல்லுக்குவியல், அதுக்குள்ள அது தலை நுழையாது. ஆளுக்கு ஒரு கை குடுத்தா பொழுது சாயறதுக்குள்ள எல்லார் முட்டையையும் குஞ்சையும் அங்க சேத்துரலாம். நான் ஒருத்தியா ஒண்ணைத்தான் உருட்ட முடியும்."

கூட்டத்துக்குத் தலைமை வகித்த கிழட்டு அணில் சிரித்தது. "எதுக்கு தாயி ஓடணும்? இப்பத்தான் பாத்தே. ஒரே மூச்சுல ஒம்பது பேரை உக்கார வச்சாரு நம்ம வாத்தியார்."

"உக்காந்தது யாரு? அவரு சீடப்புள்ளைங்க. செம்போத்து உக்காராட்டி?"

"உக்காராம? மண்ணு பட்டா உக்காரணும்கிற மரியாதைகூடத் தெரியலைன்னா அவன் என்ன வீரன்?"

"அது வீரன் இல்லீங்க," என்றாள் மினுக்காயி. "பசிச்ச வயிறு."

கூட்டம் ஒரு நொடி அடங்கியது. அந்த ஒரு நொடிதான் அந்த வேலிக்குக் கிடைத்த நல்ல நேரம். எல்லோரும் முள்ளையனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் வாயைத் திறந்து, "அந்தம்மா சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு" என்று ஐந்து சொல் சொல்லியிருந்தால் போதும். ஆனால் வெளியூர்க்காரி ஒருத்தி, வால்வரிசையின் முதல் அடிகூடத் தெரியாதவள், நிறைந்த சபையில் தன்னைக் கேள்வி கேட்டது அவனுக்குச் சுருக்கென்று தைத்திருந்தது.

"நான் நிக்கிற வேலியிலேருந்து ஒரு முட்டை நகரக் கூடாது," என்றான். "நகந்தா அது எனக்கு அவமானம். நாளைக்கு அது வரட்டும். முதல் அடி என்னோடது."

கைதட்டல் வாய்க்காலைத் தாண்டிக் கேட்டது. கல்குவியலுக்குப் போவதில்லை என்று அங்கேயே தீர்மானம் நிறைவேறியது. ஆவாரம்பூ மாலை ஒன்று முள்ளையன் கழுத்தில் விழுந்தது. கூட்டம் கலைந்தபோது யாரோ மினுக்காயியைப் பார்த்து, "நம்பிக்கை இல்லாத ஜென்மம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மதியம் முள்ளையன் மாலையோடு வேலி உச்சியில் உட்கார்ந்திருந்தான். "பசிச்ச வயிறு" என்ற அந்தச் சொல் காலில் ஏறிய முள்ளாக உறுத்திக்கொண்டே இருந்தது. கீழே வாய்க்கால் தண்ணீரில் குதியாண்டி மிதந்துகொண்டிருந்தான்.

"ஏலே குதியாண்டி, இங்க வா. காலையில விழுந்தியே, எங்கடா அடி? வலிக்குதா?"

"எந்த அடி வாத்தியாரே?"

"கடைசி அடிடா. வயித்துல."

குதியாண்டி தன் வெள்ளை வயிற்றைக் குனிந்து பார்த்துக்கொண்டான். "அது என்மேல படவே இல்லையே! படுறதுக்கு முன்னாடியே நான் எம்பிருவேன். பட்டா அந்தக் குட்டிக்கரணம் வராது, பாருங்க."

"அப்ப மண்ணு? உன் வயித்துல செம்மண்ணு ஒட்டியிருந்துச்சே?"

"அது கீழ விழுறப்ப நானே தடவிக்கிறது." குதியாண்டி வெட்கத்தோடு சிரித்தான். "நான் மட்டுமா? அந்தச் சுண்டெலியும் அப்படித்தான். நீங்க சபைக்கு வணக்கம் வைக்கிறப்ப உங்க முகத்துல ஒரு களை வரும் வாத்தியாரே, அதைப் பாக்கணும்னே விழுவோம். எதுக்குக் கேக்கிறீங்க? நாளைக்குப் புதுசா ஏதும் அடி இருக்கா?"

"ஒண்ணுமில்ல. போ," என்றான் முள்ளையன்.

அவன் நினைத்துப் பார்த்தான். சீடன் அல்லாத ஒருவனோடு தான் எப்போது மோதினோம்? ஒருமுறைகூட இல்லை. பதினெட்டு அடியும் எதிராளி ஒத்துழைத்தால்தான் வரும்.

சூரியன் இன்னும் மேற்கே சாயத் தொடங்கவில்லை. நேரம் இருந்தது. கீழே பார்த்தால், மினுக்காயி தன்னந்தனியாக ஒரு முட்டையை மூக்கால் தள்ளிக்கொண்டு கல்குவியலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். இரண்டடி தள்ளுவாள், மூச்சு வாங்குவாள், மறுபடி தள்ளுவாள். நடுவழியில் ஒருமுறை தலையைத் தூக்கி வேலி உச்சியைப் பார்த்தாள். முள்ளையனும் பார்த்தான். இறங்கிப் போய் ஒரு குரல் கொடுத்தால் நூறு குடித்தனமும் வந்துவிடும். "நான் தப்பாச் சொல்லிட்டேன், வாங்க" என்றால் முடிந்தது. நாக்கு நுனிவரை வந்தது.

கழுத்தில் மாலை இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு எப்படிச் சொல்வது என்று யோசித்தான். கழற்றிவிட்டுச் சொல்லலாம் என்பது அவனுக்குத் தோன்றவில்லை. யோசித்துக்கொண்டிருக்கும்போதே பொழுது இறங்கிவிட்டது. மினுக்காயி ஒரே ஒரு முட்டையைக் கல்லுக்குள் வைத்துவிட்டு, கால் தள்ளாடத் திரும்பி வந்து மீதி நாலின்மேல் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை செம்போத்து வந்தது. பறந்து வரவில்லை. வேலியடி நிழலில் சாவகாசமாக நடந்து வந்தது. கருத்த உடம்பு, செங்கல் நிறச் சிறகு, ரத்தச் சிவப்பில் கண்.

வேலி முழுக்க வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தது. முள்ளையன் வாலைச் செம்மண்ணில் தோய்த்துக்கொண்டு அதன் எதிரே போய் நின்றான். எல்லாம் தெரிந்தும் நின்றான். அதை மறைக்கக் கூடாது. வலதுகாலை முன்வைத்தான். உடம்பைப் பாதி திருப்பினான். வால் சுழன்று மேலிருந்து இறங்கியது. செம்போத்தின் நெஞ்சில் பளீரென்று ஒரு செம்மண் கோடு!

அவன் வாழ்நாளில் நிஜமாகப் பட்ட முதல் அடி அது. கூட்டம் வேலி அதிரக் கத்தியது. அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் அவனுடைய கால்கள் தாமாகத் திரும்பின. எத்தனை வருடத்துப் பழக்கம்! செம்போத்துக்கு முதுகைக் காட்டி நின்று, நெஞ்சு நிமிர்த்தி, சபைக்கு வணக்கம் வைத்தான்.

செம்போத்து குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தது. அது என்னவென்று அதற்குப் புரியவில்லை. சிறகால் ஒருதரம் தட்டிவிட்டுக்கொண்டது. அவனைக் கொத்தக்கூட அதற்கு மனமில்லை. வேலியடியில் ஈர மண் வாசம் வந்த பக்கம் கழுத்தை நீட்டி, அவனைச் சுற்றிக்கொண்டு நடந்து போனது.

"வாத்தியாரே, பின்னாடி! பின்னாடி!" என்று கத்திக்கொண்டே குதியாண்டி பாறையிலிருந்து தாவினான். செம்போத்துக்கும் முட்டைகளுக்கும் நடுவில் போய் விழுந்தான். செம்போத்து ஒரு காலைத் தூக்கி அவனை ஓரமாகத் தள்ளியது. நகம் பட்டு அவன் வெள்ளை வயிற்றில் சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. வாய்க்கால் ஒரே தாவுதூரம். குதியாண்டியால் அதைவிட இரண்டு பங்கு தாவ முடியும். அவன் தன் வயிற்றைப் பார்த்தான். சிவப்பைப் பார்த்தான். கற்றுக்கொண்டபடி அந்த இடத்திலேயே கைகட்டி உட்கார்ந்துவிட்டான்.

உட்கார்ந்தவனை மறுபடி அடிப்பது கேவலம் என்று செம்போத்துக்கு யாரும் சொல்லித்தந்திருக்கவில்லை.

அவனை விழுங்கிய பிறகு அது மண்ணைக் கிளறத் தொடங்கியது. மினுக்காயி அதன் கால்விரலைக் கவ்வினாள். எந்த வரிசையிலும் இல்லாத சண்டை அது. உதறினால் மறுபடி கவ்வினாள். கண்ணில் மண்ணை வாரி இறைத்தாள். வால் அறுந்து துள்ளிக்கொண்டு தனியாகக் கிடந்தபோதும் விடவில்லை. நாலு முட்டையும் போயின. அடுத்து, சுண்டெலிக் குஞ்சுகள் இருந்த வளை போயிற்று. கடைசியில் செம்போத்து போனது. யாரும் துரத்திப் போகவில்லை. வயிறு நிறைந்து போனது.

முள்ளையன் திரும்பிய இடத்திலேயே நின்றிருந்தான். மினுக்காயி மண்ணும் ரத்தமுமாக ஊர்ந்து வந்து அவன் முன்னால் நின்றாள். அடிக்கப்போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் குரலை உயர்த்தக்கூட இல்லை.

"நேத்து நான் ஒத்தையா முட்டைய உருட்டிட்டுப் போனதை மேலேருந்து பாத்தீங்களே வாத்தியாரே. உங்க அடி பலிக்காதுன்னு அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருந்தால் வேலி நம்பியிருக்கும். பாவம், அவரும் ஏமாந்தார் என்று பேசியிருக்கும். அடுத்த மாதமே மறுபடி மாலைகூடப் போட்டிருக்கும். கூட்டங்களின் குணம் அது. முள்ளையன் வாயைத் திறந்தான். எத்தனையோ சபைகளில் மணிமணியாகப் பேசிய வாய். ஒரு சொல் வரவில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் தொண்டையில் வந்து அடைத்தது. தொண்டை வீங்கியது. கழுத்தும் தாடையும் ரத்தமாகச் சிவந்தன.

மெல்ல அவன் தலை இறங்கியது. ஏறியது. மறுபடி இறங்கியது.

மினுக்காயி அதைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கல்குவியலை நோக்கிப் போனாள். அவள் பின்னால் சுண்டெலி போனது. அணில் போனது. நூறு குடித்தனமும் போயிற்று. ஆளில்லாத வேலியில் ஓணான் மட்டும் நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். கேட்டவள் போய்விட்டாள் என்பது அவனுக்கு உறைக்கவே இல்லை.

அன்று முதல்தான் ஓணானுக்குப் பேச்சு இல்லை. வேலியோரம் யார் வந்து நின்றாலும், அதே கேள்வியைக் கேட்க வந்தவர்கள் என்று நினைத்து அதன் கழுத்து சிவக்கிறது, தலை மேலும் கீழும் ஆடுகிறது. நம்மைப் பார்த்துத் திமிரோடு ஆட்டுகிறது என்று நாம் இன்றுவரை கல்லெடுத்து எறிந்துகொண்டிருக்கிறோம். அது வேலிக்கு அந்தப் பக்கம் போய், எட்டிப் பார்த்து, தெரியும், தெரியும் என்று ஆட்டிக்கொண்டே இருக்கிறது.