எருமையைச் சுற்றிப் போன புயல்

அந்தக் காலத்தில், மாடும் கொக்கும் காற்றும் ஒரே மொழியில் வழக்காடிக்கொண்டிருந்த நாட்களில், புயல்கள் நேராக வந்தன. கீழ்க்கடலில் கிளம்பினால் நூல் பிடித்த மாதிரி மேற்கே போய்ச் சேரும். வழியில் இருப்பவர்கள்தான் விலகிக்கொள்ள வேண்டும். விலகுகிறவர்களின் வசதிக்காக, ஐப்பசி பிறந்ததும் ஆலா என்ற கடற்பறவை கரைக்கு வந்து பருவ நிலவரத்தை வாசித்துவிட்டுப் போகும்.

அந்த ஆண்டும் வந்தது. களர்நிலத்தின் நடுவில் நின்ற ஒரு பட்ட மரத்தில் உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டது.

“கடலோரப் பகுதிகளுக்கான அறிவிப்பு. இன்னும் மூன்று நாளில் புயலார் எழுந்தருளுவார். ஓரிரு இடங்களில் கனமழை. ஓரிரு இடங்களில் மிகக் கனமழை. அதன்பின் குளிர்ந்த நாட்கள். அனைவரும் ஒதுங்கிக்கொள்ளவும்.”

முயலும் நரியும் கீரியும் தலையாட்டின. வளைகொம்பி என்ற எருமை மட்டும் தலையாட்டவில்லை. அவள் நிறைசூல். வாயில் இருந்ததை அசைபோட்டு முடித்து, விழுங்கி, அதன் பிறகு கேட்டாள்.

“ஓரிரு இடம்னா எந்த இடம்?”

“பெயர் சொல்லும் வழக்கம் இல்லை.”

“நான் நிக்கிற இடம் அதுல உண்டா?”

“இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்” என்றது ஆலா. அந்தப் பதில் இன்றளவும் பழுதுபடாமல் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

“எனக்கு அன்னிக்குத்தான் கன்னு விழும் போல இருக்கு. ஒரு நாள் தள்ளி வரச் சொல்லு.”

ஆலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “புயலாரிடம் இதுவரை யாரும் எதுவும் சொன்னதில்லை, அம்மா. ஒதுங்குவதுதான் முறை.”

மூன்றாம் நாள் விடியும்போது கன்று விழுந்தது. மற்றவை எல்லாம் இரண்டு கூப்பிடு தூரத்தில் இருந்த மணல்மேட்டுக்கு ஏற்கெனவே போயிருந்தன. களர்நிலம் தாழ்வானது. கடல்நீர் ஏறினால் முதலில் மூழ்குவது அதுதான். கன்றோ ஈரம் காயாமல், தன் நான்கு கால்களும் யாருடையவை என்று தெரியாமல் கிடந்தது. எழுந்து நடந்தால் பிழைக்கும். அதற்கு நேரம் வேண்டும்.

வளைகொம்பியின் முதுகில் குடியிருந்த கொக்கு கீழே இறங்கியது. “அக்கா, பிடிவாதம் பிடிக்காதே. இன்னொரு கன்னு போட்டுக்கலாம். வா, ஓடிடலாம்.”

“நீ போ.”

“போகத்தான் பார்த்தேன். காத்து வந்துடுச்சே! இனி உன் வயித்தடிதான் இருக்கிறதுலேயே பத்திரம்” என்று சொல்லி, கொக்கு அங்கே நுழைந்துகொண்டது.

வளைகொம்பி கிழக்கே திரும்பினாள். கன்றைப் பின்னால் விட்டு, நான்கு கால்களையும் சேற்றில் அழுத்தி ஊன்றி, கொம்பைத் தாழ்த்தினாள். புயல் வந்து மோதியது. கொம்பில் பட்ட காற்று இரண்டாகப் பிளந்தது. முழங்கால் வரை சேற்றில் இறங்கினாளே ஒழிய, அவள் அசையவில்லை.

“நில்லு!” என்றாள்.

புயல் அதுவரை முதுகுகளை மட்டுமே பார்த்துப் பழகியது. குரல் முன்னாலிருந்து வருவது புதிது. என்ன சொன்னாள் என்பதும் அதன் சொந்த இரைச்சலில் கேட்கவில்லை. கேட்டே ஆக வேண்டும் என்று மூச்சைப் பிடித்தது. கரை முழுவதும் சட்டென்று அடங்கியது. மேகத்தின் நடுவில் வட்டமாக ஓர் இடம் திறந்து வெயில் விழுந்தது.

“யாரது? என்ன சொன்னே?”

வளைகொம்பி அசைபோட்டாள்.

“உன்னைத்தான் கேக்கிறேன்!”

“இரு. வாயில இருக்கு.”

புயல் இருந்தது. அவள் விழுங்கினாள்.

“நில்லுன்னு சொன்னேன்.”

“நான் யாருன்னு தெரியுமா?”

“அதை விடு. இந்த இடத்துக்கு என்ன பேரு, சொல்லு.”

புயல் யோசித்தது. எந்த இடத்திலும் பெயர் கேட்கும் அளவுக்கு அது தங்கியதில்லை.

“அக்கா, முன்னங்காலை ஊணிடுச்சு!” என்று வயிற்றடியிலிருந்து கிசுகிசுத்தது கொக்கு. “ஐயோ, விழுந்துடுச்சு.”

வளைகொம்பி அடுத்த கவளத்தை மேலே கொண்டுவந்தாள். நிதானமாக மென்றாள். “போன வருஷம் இங்க ஒரு புங்கமரத்தைப் பிடுங்கினியே, ஞாபகம் இருக்கா?”

“எத்தனையோ மரம். எதைன்னு ஞாபகம் வச்சுக்கிறது?”

“எனக்கு இருந்தது அந்த ஒரு நிழல்தான்.”

மூச்சை அடக்கி அடக்கி புயலின் முகம் கறுத்தது.

“நின்னுடுச்சு அக்கா! பால் குடிக்குது!”

“குடிச்சதும் மேட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போ.”

“நானா?”

“நீதான் வெள்ளையாத் தெரியுறே. பின்னாலேயே வரும்.”

கொக்கு முணுமுணுத்துக்கொண்டே நடந்தது. கன்று தள்ளாடித் தள்ளாடிப் பின்னால் போனது. அப்போதுதான் புயலுக்கு விஷயம் விளங்கியது.

“பேச்சுக் கொடுத்து என்னை நிறுத்தி வச்சிருக்கே!”

“ஆமா.”

“ஒரு கன்னுக்குட்டிக்காகவா?”

“ஒரு கன்னுக்குட்டிக்காகத்தான்.”

“சரி, இப்பவாவது வழிவிடு. மூச்சு முட்டுது.”

“அது இன்னும் மேட்டில ஏறலை. நான் நகர மாட்டேன். அவசரம்னா சுத்திப் போ.”

சுற்றிப் போவதைத் தவிர புயலுக்கு வேறு வழியில்லை. ஆனால் எந்தப் பக்கமாக? வலமாகப் போனால் எருமையைக் கும்பிட்டுப் பிரதட்சிணம் வந்ததாக நாளைக்கு ஆலாவே ஊரெல்லாம் வாசித்துவிடும். மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள, கிழக்கிலிருந்து வடக்கே போய், மேற்கில் திரும்பி, தெற்கு வழியாக, இடஞ்சுழியாகச் சுற்றியது. அந்தப் பெரிய வட்டத்தை அது முடிப்பதற்குள் கன்று மேட்டில் ஏறிவிட்டது.

வளைகொம்பி ஒவ்வொரு காலாகச் சேற்றிலிருந்து பிடுங்கி, மேற்கே நடக்கத் தொடங்கினாள். ஓடவில்லை. சுற்றத் தொடங்கிய வேகத்தில் நிறுத்த முடியாமல் வெளியே சுற்றிக்கொண்டிருந்த புயலும் அவள் வேகத்துக்கே மேற்கே நகர வேண்டியதாயிற்று. மேட்டில் கன்று அவளை முட்டியது. ஆலாவின் அறிவிப்பில் குளிர்ந்த நாட்கள் என்ற வரி மட்டும் பிசகாமல் பலித்தது: புயல் அடக்கி வைத்திருந்த மூச்சின் மிச்சம், மார்கழி முடியும் வரை குளிர்ந்த வாடையாகக் கசிந்துகொண்டிருந்தது.

அன்று முதல்தான் கீழ்க்கடலில் பிறக்கும் எந்தப் புயலும் நேராக வருவதில்லை. நடுவில் காற்றில்லாத ஓர் இடத்தை விட்டுவிட்டு, இடஞ்சுழியாகச் சுற்றிச் சுற்றி வருகிறது. எருமையும் அன்று முதல் மழைக்கு ஒதுங்குவதில்லை. நடுச்சாலையில் நின்று, ஹாரன் அடிக்கும் பேருந்தை ஏறிட்டுப் பார்த்து, வாயில் இருப்பதை மென்று முடிக்கிறது. பேருந்தும் சுற்றித்தான் போகிறது.