ஆறாவது சிரட்டை

மேல்மலையில் ஐப்பசி பிறந்தால் குளிருக்கு முன்னால் பூச்சி வந்துவிடும். நகத்தளவு இருக்கும். காய்ந்த இலையின் நிறம். வெளியே குளிர் ஏற ஏற, கதகதப்பைத் தேடி வீட்டுக்குள் புகும். கடிக்காது, கொட்டாது. நசுங்கினால் மட்டும் அழுகிய கொத்தமல்லி நாற்றம் எழும்பும். கையை மூன்று முறை கழுவினாலும் போகாது. ஊரில் அதற்கு நாத்தப் பூச்சி என்றுதான் பெயர். வேறு பெயர் வைக்க யாருக்கும் பொறுமை இருந்ததில்லை.

ஊர்க்காரர்கள் புரட்டாசி முடிவதற்குள் பழந்துணியும் சாணியும் வைத்து வீட்டின் இடுக்கையெல்லாம் அடைத்துவிடுவார்கள். அவர்களுக்கு அடுப்பும் குளிர்காயும் கணப்பும் தனிக் கொட்டகையில். வெள்ளத்தாய் அம்மையின் மடத்தில் அப்படிக் கொட்டகை கிடையாது. ஜன்னல் இல்லாத ஆறு அறைகள்தான். குளிர் தாங்காதவர்கள் கரி போட்ட கணப்புச் சட்டியை அறைக்குள்ளேயே வைத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு கதவுக்கும் மேலே ஒரு செங்கல் நுழையும் அளவுக்கு ஓட்டை இருக்கும். அதை மூடக் கூடாது என்பதுதான் மடத்தின் ஒரே கட்டளை. சாமி கும்பிடாதவரைக்கூட அம்மை ஒன்றும் சொன்னதில்லை.

மூடாத ஓட்டை வழியே பூச்சி வராமல் இருக்குமா? வந்தது. விடிந்ததும் அவரவர் அறைப் பூச்சியை அவரவர் பிடிக்க வேண்டும். பூச்சிக்குக் கீழே தேங்காய்ச் சிரட்டையைப் பிடித்து ஈர்க்குச்சியால் லேசாகத் தொட்டால் போதும், தானே விழும். ஆறு சிரட்டைகளையும் முற்றத்துக் கல்லில் வரிசையாக வைப்பார்கள். அம்மை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்ப்பார். பிறகு எல்லாவற்றையும் காட்டில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருவார்.

ஒரு பூச்சியைக்கூடக் கொல்லாத மகராசி என்று கீழே இறங்கிப் போனவர்கள் சொன்னார்கள். அதைக் கேட்டு மேலே ஏறி வந்தவர்களும் உண்டு. அம்மை இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை.

பரமன் அப்படி ஏறி வந்தவர்தான். கொத்தனார். வயது அறுபது, அம்மையைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். கூடவே அவருடைய கையாள் காத்தானும் வந்தார். முப்பது வருடம் பரமன் பூசிய சுவருக்கெல்லாம் கலவை போட்டுக் கொடுத்தவர் காத்தான். அதில் நுரையீரல் கெட்டு, ஓயாத இருமல். பரமன் ஞானம் தேடி வந்தார். காத்தான், பரமன் வந்ததால் வந்தார்.

மடத்துக்கு வந்த வாரமே பரமன் கேட்டார், அந்த ஓட்டை எதற்கு என்று. அம்மை ஒரு சிரட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

இரண்டாவது முறை கேட்டபோது அம்மை பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். "இருக்கட்டும்னு இருக்கு" என்றார்.

மூன்றாவது முறை கேட்டபோது, "கேக்காதீங்க கொத்தனாரே" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

தனக்கு இன்னும் பக்குவம் வரவில்லை என்று பரமன் எடுத்துக்கொண்டார். குரு பேசாமல் இருந்தால் அதில் ஏதோ பெரிய பொருள் இருப்பதாக நினைப்பது சீடர்களின் வழக்கம். பாவம், அவரும் அப்படித்தான் நினைத்தார்.

ஐப்பசி நடுவில் காத்தானின் கஞ்சியில் ஒரு பூச்சி விழுந்தது. மங்கல் வெளிச்சத்தில் தெரியாமல் மென்றுவிட்டார். குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி. அதோடு இருமல் பிடித்துக்கொண்டு, துப்பியதில் ரத்தம் வந்தது. இரண்டு நாளாகத் தண்ணீரைத் தவிர எதுவும் இறங்கவில்லை. போர்வையில் நாற்றம், தலையணையில் நாற்றம். கையை முகத்துக்குக் கொண்டுபோகவே பயந்தார்.

"இந்த நாத்தத்துல இன்னொரு நாள் படுத்தா நான் செத்துருவேன், கொத்தனாரே" என்றார்.

முப்பது வருடத்தில் காத்தான் தனக்காக ஒன்று கேட்டது அன்றுதான். வெயிலில் நின்று கலவை மிதித்தபோதுகூட ஒரு வாய்த் தண்ணீர் கேட்டதில்லை. பரமனால் அதைத் தாங்க முடியவில்லை.

மறுநாள் மத்தியானம் அம்மை விறகுக்குப் போயிருந்தார். பரமன் ஒரு செங்கல்லைச் செதுக்கி, காத்தான் அறைக் கதவுக்கு மேலிருந்த ஓட்டையில் இறக்கினார். சுற்றிக் களிமண் வைத்துப் பூசி, மேலே சுண்ணாம்பு அடித்தார். அடைத்த இடம் தெரியாமல் பூசுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கதவின் அடி இடுக்கிலும் சாக்கை மடித்து ஆணி அடித்தார். காத்தான் எழுந்து நடக்கட்டும், பிறகு அம்மையின் காலில் விழுந்து சொல்லிக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு.

காத்தான் சுவரை அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். "இன்னும் கை கெடல உங்களுக்கு" என்றார்.

காலையில் பரமன் சிரட்டையோடு அந்த அறைக்குள் போனார். கணப்புச் சட்டியில் கரி வெளுத்துச் சாம்பலாகியிருந்தது. சுவரில் பூச்சி இல்லை, போர்வையில் இல்லை, தரையில் இல்லை. காத்தான் ஒருக்களித்துப் படுத்திருந்தார். உதடுகூடக் கொஞ்சம் சிவந்திருந்தது. இருமல் இல்லை. ஒரு மாதமாக இருமல் இல்லாத காலை என்று ஒன்று விடிந்ததே கிடையாது. பரமன் காலிச் சிரட்டையைச் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டார். தூங்கட்டும் என்று வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

முற்றத்தில் அம்மை சிரட்டைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். ஐந்தில் பூச்சிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. ஆறாவதில் ஒன்றும் இல்லை.

"இது யார் அறை?"

"காத்தான் அறை, தாயி. ஒண்ணுகூட இல்லை" என்றார் பரமன். குரலில் இருந்த பெருமையை அவரால் மறைக்க முடியவில்லை.

அம்மை ஓடி யாரும் பார்த்ததில்லை. அன்று ஓடினார். முந்தானை பட்டுச் சிரட்டைகள் உருண்டு, பூச்சிகள் கல்லெங்கும் சிதறின. பரமன் பின்னால் போய்ச் சேர்வதற்குள் காத்தானின் அக்குளில் கைகொடுத்து அம்மை அவரை வெளியே பனியில் இழுத்துப் போட்டிருந்தார். மார்பில் குத்தினார். பேர் சொல்லிக் கூப்பிட்டார். உடம்பில் இன்னும் சூடு இருந்தது. மூச்சு இல்லை.

குழியைப் பரமனே வெட்டினார். வேறு யாரையும் மண்வெட்டியைத் தொட விடவில்லை. உச்சி வேளைக்குள் எல்லாம் முடிந்தது. திரும்பி வந்து உளியை எடுத்து, கதவுக்கு மேலே பூசியதை உடைத்தார். பூசியதற்கு ஆன நேரத்தில் பாதிகூட ஆகவில்லை. பிறகு துணிகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு அம்மை முன்னால் வந்து நின்றார்.

"ஓட்டை எதுக்குன்னு மூணு தடவை கேட்டேன், தாயி."

"கேட்டீங்க."

"நீங்க சொல்லல."

அம்மை அப்போது சொன்னார். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் கிழக்கே வேறொரு மலையில் அவருக்கு ஒரு வீடு இருந்தது. புருஷன், இரண்டு பெண் பிள்ளைகள். அந்த ஐப்பசியில் வீட்டின் ஒவ்வொரு இடுக்கையும் துணி திணித்து அடைத்தார். வெள்ளத்தாய் வீட்டில் மருந்துக்குக்கூடப் பூச்சி இல்லை என்று அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு நாள் மாடு கன்று போடுகிற நேரம் என்று தொழுவத்திலேயே தங்கிவிட்டார். பொழுது விடிந்து வந்து வீட்டைத் திறந்தபோது மூன்று பேரும் ஒரே போர்வைக்குள் படுத்திருந்தார்கள். கணப்பு சாம்பலாகியிருந்தது. அந்தக் கரியின் விஷக்காற்று வெளியேற ஓர் இடுக்குகூட இல்லை.

"தூங்குறாங்கன்னு பால் கறக்கப் போயிட்டேன்" என்றார் அம்மை.

"எழுப்பிப் பாக்கலையா?"

"நீங்க எழுப்புனீங்களா?"

விடியற்காலையில் அந்த அறைக்குள் நின்றதைப் பரமன் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"கதவைச் சத்தம் வராமச் சாத்தியிருப்பீங்க" என்றார் அம்மை. "நானும் அப்படித்தான் சாத்துனேன்."

பரமன் தரையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே பேசினார். அதில் கோபம் இருந்தது. குருவிடம் கோபப்படலாமா என்று அவர் யோசிக்கவில்லை.

"இதை மொத நாளே சொல்லியிருந்தா காத்தான் இருந்திருப்பான்."

"இருந்திருப்பான்."

"பெறகு ஏன்?"

"வெளிய எடுத்தா நாறும்னு உள்ளேயே வச்சிருந்தேன். பூச்சியக்கூடக் கொல்லாத மகராசின்னு எல்லாரும் கும்பிட்டாங்க. அது எனக்குச் சௌகரியமா இருந்துச்சு."

கதவுக்கு மேலே உடைத்த ஓட்டையின் விளிம்பில் அதற்குள் இரண்டு பூச்சிகள் வந்து உட்கார்ந்திருந்தன. பரமன் அவற்றைப் பார்த்தார். எழுந்து மூட்டையை எடுத்தார்.

"நான் கீழ எறங்குறேன், தாயி."

அம்மை தடுக்கவில்லை. உருண்டு கிடந்த சிரட்டைகளைப் பொறுக்கி, கல்லில் பழையபடி வரிசையாக வைத்தார். ஆறாவதைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"நாளைக்கே ஒருத்தர் வந்து இந்த ஓட்டை எதுக்குன்னு கேப்பாங்க. என் வீட்டுக் கதவைச் சாத்துன வரைக்கும் நான் சொல்லிருவேன். காத்தான் கதவைச் சாத்துனதைச் சொல்ல ஆள் வேணும், கொத்தனாரே."