ஊருணிப் படியேறிய பாதங்கள்

முன்னொரு காலத்தில், வெயிலுக்கு மட்டும் பஞ்சமே இல்லாத ஒரு சீமையில், சோணைமுத்து என்றொரு சாயக்காரன் இருந்தான். அவன் தோய்த்த நீலத் துணி கிழிந்தாலும் கிழியும், வெளுக்காது. அந்தப் பெருமையில் அவன் தலை எப்போதும் கொஞ்சம் நிமிர்ந்தே இருக்கும்.

அந்த ஊரில் ஆறு கிடையாது. மழைத் தண்ணீர் வரத்துக்கால் வழியே ஓடிவந்து ஊருணியில் நிறையும். ஊரே அதைத்தான் குடித்தது. அதில் குளிக்கக் கூடாது, துவைக்கக் கூடாது, மாடு இறக்கக் கூடாது. பிள்ளை பிறந்தால், மருத்துவச்சி ஒச்சாயி அதில் ஒரு செம்பு மொண்டு வந்து, கருப்பட்டி கரைத்து, தாய்ப்பாலுக்கும் முன்னே பிள்ளையின் நாக்கில் மூன்று சொட்டு விடுவாள். அதற்குச் சேனை வைப்பது என்று பெயர். அந்தத் தண்ணீர் பட்ட பிறகுதான் அது ஊர்ப்பிள்ளை.

சாயக்காரர்களுக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. சாயத்தில் மயில்துத்தம் சேர்ப்பார்கள், அது விஷம். அதனால் தொட்டிக் கழிவைக் குடம் குடமாகச் சுமந்துபோய், ஊருக்குக் கிழக்கே பொட்டல் பள்ளத்தில் கொட்ட வேண்டும். சோணைமுத்துவின் பாட்டன் சுமந்தான், அப்பன் சுமந்தான், அவனும் சுமந்தான்.

ஓர் ஐப்பசியில் அரண்மனையிலிருந்து ஆள் வந்தது. பட்டம் கட்டும் நாளுக்குள் முந்நூறு நீலத் துணி வேண்டுமாம். கழிவு சுமக்க நேரம் ஏது? அடைமழை கொட்டிய ஒரு பகலில், தொட்டியின் அடைப்பைப் பிடுங்கி வரத்துக்காலில் திறந்துவிட்டான். இத்தனை வெள்ளத்தில் இது எம்மாத்திரம் என்று நினைத்துக்கொண்டான். செம்மண் கலங்கலில் நீலம் யார் கண்ணிலும் படவில்லை. அப்படி மூன்று முறை திறந்துவிட்டான்.

மழை விட்டது, ஊருணி தெளிந்தது. பார்க்கப் பளிங்குதான். பெரியவர்களுக்கு வயிறு கொஞ்சம் வலித்தது. புதுத் தண்ணீர் அப்படித்தான் என்று விட்டுவிட்டார்கள். கார்த்திகையில் குயவர் வீட்டில் ஒரு பிள்ளை பிறந்து, சேனை வைத்த மூன்றாம் நாள் இறந்தது. மார்கழியில் தச்சர் வீட்டுப் பிள்ளை. தையில் கொல்லர் வீட்டுப் பிள்ளை. மூன்றின் உதடுகளும் நீலம் பாரித்திருந்தன. ஊரார் தோஷம் என்றார்கள். சோணைமுத்து வாய் திறக்கவில்லை. ஆனால் அன்று முதல் தன் வீட்டுக்கு மட்டும் அரைக் காதம் நடந்து, வேற்றூர்க் கிணற்றில் தண்ணீர் எடுத்தான். நீங்களே சொல்லுங்கள், தெரியாமல் செய்தவன் இப்படிச் செய்வானா?

மாசியில் அவனுடைய ஒரே மகள் பூவாயி தலைப்பிரசவத்துக்கு வந்தாள்.

"ஏப்பா, வாசலுக்கு நேரா ஊருணி கெடக்கையில எதுக்கு இம்புட்டுத் தூரம் அலையிறீக?" என்று கேட்டாள்.

"அந்தக் கெணத்துத் தண்ணிதான் ஒடம்புக்கு ஆகும் தாயி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மறுநாள் உச்சிப்பொழுது. தெருவில் ஈ காக்கை இல்லை. சோணைமுத்து வெளியே வந்தான். ஊருணிப் படியிலிருந்து ஈரத் தடங்கள் ஏறி வந்திருந்தன. விரல் நீளம்கூட இல்லாத பாதங்கள். நடக்கப் பழகாத பிள்ளையின் பாதங்கள். நீலமாக இருந்தன. கொதிக்கிற மண்ணில் அவை காயவே இல்லை. தெருமுனையோடு நின்றிருந்தன. காலால் தேய்த்து அழித்தான். அவன் பாதம் சில்லிட்டு மரத்துப்போனது.

இரண்டாம் நாள் இரண்டு ஜோடி, வாசல்வரை. மண்ணை அள்ளிப்போட்டு மூடினான். மண்ணுக்கு மேலும் ஈரம் ஊறி வந்தது.

மூன்றாம் நாள் மூன்று ஜோடி. வாசலைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, பூவாயியின் அறைக்குள் போயிருந்தன. தொட்டில் கட்டப் போட்டிருந்த கயிற்றின் கீழே வட்டமாக நின்றன. நடுவில் இன்னும் ஒரு ஜோடிக்கு இடம் விட்டிருந்தது. அந்த இடம் மட்டும் காய்ந்து கிடந்தது.

அந்நேரம்தான் பூவாயிக்கு வலி எடுத்தது. பொழுது சாயுமுன் பெண் குழந்தை பிறந்தது. ஒச்சாயி ஊருணிச் செம்போடு வந்தாள். குயவர் வீட்டுக்காரியும் கூட வந்தாள். தன் பிள்ளையைப் பறிகொடுத்தவள், இந்தப் பிள்ளையாவது நிலைக்கட்டும் என்று கும்பிட வந்திருந்தாள்.

சோணைமுத்து தவறிக் கை பட்டதுபோலச் செம்பைத் தட்டிவிட்டான். ஒச்சாயி இன்னொரு செம்பு மொண்டு வந்தாள். தூசி விழுந்துவிட்டது என்று அதையும் கொட்டினான். மூன்றாம் செம்பு வந்தது.

"கெணத்துத் தண்ணியில வச்சிரு ஒச்சாயி" என்று கெஞ்சினான்.

"என்னண்ணே பேச்சு இது? ஊருணித் தண்ணி படாத பிள்ளைய ஊர்ல யாரு சேர்ப்பா?" என்று அவள் கருப்பட்டியைக் கரைத்தாள்.

சோணைமுத்து தரையைப் பார்த்தான். நடுவில் காய்ந்திருந்த இடத்தில் மெல்ல ஈரம் கசியத் தொடங்கியிருந்தது. ஒரு சின்னக் குதிகால் தெரிந்தது.

பாய்ந்து ஒச்சாயியின் கையைப் பிடித்தான். "வைக்காத! அதுல விஷம் கெடக்கு. நாந்தான் கலந்தேன். மூணு பிள்ளையையும் நாந்தான் கொன்னேன்!"

குயவர் வீட்டுக்காரிதான் பேசினாள்.

"ஒன் பேத்தி வாயில விழப்போறப்பதான் ஒனக்கு வாய் வந்துச்சா?"

யாரும் அவனை அடிக்கவில்லை. ஊருணியைக் கடைசிச் சொட்டுவரை அவனே இறைத்து, நீலச் சேற்றை அவனே வழித்து, பொட்டலுக்கு அவனே சுமக்க வேண்டும் என்று ஊர் சொன்னது. பங்குனியில் தொடங்கி ஆடிவரை சுமந்தான். ஐப்பசி மழை வரும்வரை ஊரே வேற்றூர்க் கிணற்றுக்கு நடந்தது. அந்த மழையில் ஊருணி புதிதாக நிறைந்தது. அதுவரை தள்ளிவைத்திருந்த சேனையை அந்தத் தண்ணீரில்தான் ஒச்சாயி பூவாயியின் பிள்ளைக்கு வைத்தாள். பிள்ளை சப்புக்கொட்டிச் சிரித்தது.

பாதங்கள் அதன்பின் வீட்டுக்குள் வரவில்லை. ஆனால் சோணைமுத்து சாகும்வரை, ஒவ்வோர் உச்சிப்பொழுதும், மூன்று ஜோடி ஈரத் தடங்கள் அவன் வாசலில் வந்து நின்றன. அவன் அவற்றை அழிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள்: ஊர் குடிக்கும் தண்ணீரில் நஞ்சைக் கலப்பவன், அதைத் தன் வீட்டுப் பிள்ளையின் நாக்கிலும் வைக்கிறான்.