நூறு வருஷத்து ஊரும் ஒரு மடிப் புளியங்காயும்

அல்லிக்குடி ராஜா கேசரிவர்மருக்கு ஒருநாள் திடீரென்று ஓர் ஆசை வந்தது. இன்னும் நூறு வருஷம் கழித்து இந்த ஊரைப் பார்க்கிறவன் வாயைப் பிளக்க வேண்டும். ஊரை அப்படித் திருத்தி அமைக்க வேண்டும்.

பிரதானி இராயசிங்கர் இதற்கென்றே பிறந்தவர் போலக் கிளம்பினார். அரண்மனைச் சிற்பியை வைத்துச் சபை நடுவில் களிமண்ணாலேயே ஓர் ஊரைச் செய்து வைத்துவிட்டார். நூல் பிடித்த மாதிரி தெருக்கள். புளியந்தோப்பு இருந்த இடத்தில் யானைக் கொட்டாரம். அல்லி ஏரி இருந்த இடத்தில் பெரிய மைதானம். மைதானத்தின் நடுவே குதிரைமேல் ராஜா.

"குதிரை இன்னும் கொஞ்சம் உயரமாக இருக்கலாமோ?" என்றார் ராஜா. மற்றபடி அவருக்குப் பரம திருப்தி.

சபையே ஆகா ஆகா என்றது. கூத்தபிரான் மட்டும் அந்த மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ராஜாவைச் சிரிக்க வைப்பதற்கென்றே சபையில் இருந்தவர் அவர். அன்று அவருக்கே சிரிப்பு வரவில்லை. ஊர் முழுக்கக் குடிப்பது அந்த ஏரித் தண்ணீரைத்தான். அவர் வீட்டுப் பானையில் இருப்பதும் அதுதான்.

"மகாராஜா, ஊராரை ஒரு வார்த்தை கேட்டோமா?"

பிரதானி சிரித்தார். "எதற்கு? இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்டால் சொல்வார்கள். நூறு வருஷத்தைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்?"

"அதுதானே!" என்றார் ராஜா, கூத்தபிரானைப் பார்த்து. "இப்போது இருக்கிறவன் எவன் அந்த ஊரில் இருக்கப்போகிறான்? இனிமேல் வந்து குடியிருக்கப்போகிறவனைக் கூட்டி வாரும், கேட்கிறேன். வெள்ளிக்கிழமை சபைக்கு வரவேண்டும். வராவிட்டால் ஏரிக்கரையை உடைக்க முதல் மண்வெட்டி நீர்தான் போட வேண்டும்!"

சபை கொல்லென்று சிரித்தது. கூத்தபிரான் தன் கையைப் பார்த்துக்கொண்டார். ஏரியை உடைத்த கை இதுதான் என்று ஊர் விரல் நீட்டுமே!

வீட்டுக்குப் போனால் அங்கே வேறு தொல்லை. மகள் பூங்கோதை மசக்கையோடு பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள்.

"அப்பா, புளியங்காய்."

"காலையில்தானே ஒரு மடி தின்றாய்?"

"தீர்ந்துபோச்சு."

மகளையும் கூட்டிக்கொண்டு தோப்புக்குப் போய் மரம் ஏறினார். முழங்காலுக்கு மேல் எறும்பு ஏறிவிட்டது. எரிச்சலில், "இத்தனை புளிப்பு உனக்கு எதற்கடி?" என்று கத்தினார்.

கீழே மடியை ஏந்தி நின்றவள் அசரவில்லை. "எனக்கா கேக்குது? உள்ளே இருக்கிறதுல்ல கேக்குது! குடுக்காட்டிப் பிள்ளைக்குக் காது வடியும். ஊரெல்லாம் சொல்றதுதானே!"

கூத்தபிரான் கிளையிலேயே உட்கார்ந்துவிட்டார். எறும்பு கடித்தது உறைக்கவே இல்லை.

"என்ன சொன்னே? இன்னொரு தரம் சொல்லம்மா!"

வெள்ளிக்கிழமை வந்தது. சபைக்குள் கூத்தபிரான் நுழைந்தார். அவருக்குப் பின்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, மூச்சு வாங்கியபடி, வரிசையாகப் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள். மறிக்கக் காவலாளிக்குத் தைரியம் இல்லை.

"என்னய்யா இது?" என்றார் ராஜா.

"தாங்கள் கேட்ட ஜனங்கள், மகாராஜா. இனிமேல் குடியிருக்கப்போகிறவர்கள். இன்னும் வந்து சேரவில்லை, வழியில் இருக்கிறார்கள்."

பிரதானி துள்ளி எழுந்தார். "பேசப்போவது தாய்மார்கள் அல்லவா! பிள்ளைகளா பேசும்?"

கூத்தபிரான் ராஜாவின் பக்கம் திரும்பினார். "இளவரசர் வயிற்றில் இருந்தபோது ராணியம்மா ஐப்பசி மழையில் பலாப்பழம் கேட்டார்களே, நினைவிருக்கிறதா?"

"மறக்குமா? குதிரையில் ஆள் அனுப்பி மலைக்காடெல்லாம் தேடச் சொன்னேன்!"

"கேட்டது ராணியம்மாவா, இளவரசரா?"

"என் பிள்ளைதான்! அவன் கேட்டு இல்லை என்பேனா? காது வடியுமே!"

சொல்லிவிட்டு ராஜா பிரதானியைப் பார்த்தார். பிரதானி கூரையைப் பார்த்தார்.

குயவர் தெரு வள்ளி முன்னால் வந்தாள். "சாமி, உள்ளே இருக்கிறவனுக்கு ஏரிக்கரை ஈரமண் வாசனை வேணுமாம். அது இல்லாட்டி எனக்குச் சோறே இறங்கமாட்டேங்குது."

"எங்க பிள்ளைக்கு ஏரி அயிரை மீன்," என்றாள் அடுத்தவள்.

பூங்கோதை புளியந்தோப்பைக் கேட்டாள். முழுத் தோப்பையும்.

நெசவாளர் வீட்டு மாரியாயி எதுவும் கேட்கவில்லை. களிமண் ஊரைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "அய்யா, இந்த ஊருல கிணறு எங்கே?"

"தெற்கே பார்," என்றார் பிரதானி.

"தெக்கே யானைதான் நிக்குது."

ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கி, மண்டியிட்டுத் தெருத் தெருவாகத் தேடினார். கிணறும் இல்லை, குளமும் இல்லை. ஏரியையும் காணோம். ராஜாவின் குதிரைக்குக்கூடத் தண்ணீர் கிடையாது.

"சிற்பி மறந்திருப்பான்…" என்று இழுத்தார் பிரதானி.

அப்போது வரிசையின் கடைசியில் முக்காடு விலகியது. பிரதானியின் மருமகள்! "மாமா, கோபிச்சுக்காதீங்க. நம்ம வீட்டுப் பிள்ளைக்கும் அயிரை மீன்தான் வேணுமாம்."

பிரதானி தொப்பென்று உட்கார்ந்தார்.

ராஜா முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "ஏரி இருந்த இடத்தில் இருக்கட்டும். தோப்பும் இருக்கட்டும். இந்தக் களிமண் ஊரைத் தூக்கிச் சந்தையில் வையுங்கள். காயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருங்கள். கிணறோ தெருவோ, எது எங்கே வேண்டுமோ ஊராரே கை வைத்துச் செய்யட்டும். பிறந்தவர்களுக்கும் வாய் இருக்கிறதே! அவர்கள் செய்து முடித்த பிறகு நாம் கட்டுவோம்."

கூத்தபிரானுக்கு வெற்றிலைத் தட்டும் பட்டுச் சால்வையும் கிடைத்தன. பூங்கோதைக்குத் தினம் ஒரு கூடைப் புளியங்காய், அரண்மனை ஆளே மரம் ஏறிப் பறித்துத் தரவேண்டும் என்று உத்தரவாயிற்று. சால்வையைவிட இதில்தான் கூத்தபிரானுக்கு நிம்மதி.

எல்லாம் முடிந்தபின் ராஜா தாடையைத் தடவினார். "ஒன்றுதான் புரியவில்லை, கூத்தபிரான். பிரதானி கெட்டிக்காரர். இத்தனை வருஷமாக ஊரார் பேசுவது இவர் காதில் மட்டும் ஏன் விழவே இல்லை?"

கூத்தபிரான் மிகவும் பணிவாகக் கைகட்டி நின்றார்.

"பாவம், மகாராஜா. இவர் தாயார் மசக்கையில் எதையோ கேட்டிருக்கிறார்கள். யாரோ கொடுக்காமல் விட்டுவிட்டார்கள்."