அழியாத பொட்டும் கேள்வி அங்காயியும்

ஒரு ஊரு இருந்துச்சாம், எங்கன்னு கேக்காதீங்க, கதை சொல்றவங்களுக்கு மட்டும்தான் வழி தெரியும். அந்த ஊருக்கு ஒரு ராஜா, ஒரு ராணி. ராணி பேரு செங்கமலம். கல்யாணமாகி ரொம்ப நாள் கழிச்சு அவங்களுக்கு ஒரு பொண்ணு பொறந்துச்சு, தேனுன்னு பேரு. அது எப்படி இருக்கும் தெரியுமா? இட்லித் தட்டுலேர்ந்து இப்பத்தான் எடுத்த மாதிரி பொசுபொசுன்னு இருக்கும்!

ஊரே பாக்க வந்துச்சு. அப்ப கண்ணு பட்டுடாதா? அதனால ராணி கன்னத்துல ஒண்ணு, நெத்தியில ஒண்ணு, உள்ளங்கால்ல ஒண்ணுன்னு மையில பொட்டு வெச்சா. ஆனா கைக்குழந்தை சும்மாவா இருக்கும்? தேய்ச்சுக்கும், வேர்க்கும், பொட்டு அழிஞ்சுபோயிடும். ராஜாவுக்குக் கோவம் வந்துடுச்சு.

"வைத்தியரே, ஒரு ராஜா பொண்ணுக்கு அழியாத பொட்டு கிடையாதா?"ன்னு கேட்டாரு.

அரண்மனை வைத்தியர் ஏகாம்பரம், மீசையைத் தடவிக்கிட்டே, "கிடையாதா? நான் எதுக்கு இருக்கேன்!"ன்னு சொல்லி, ஒரு வெள்ளிச் சிமிழ்ல புது மை கொண்டு வந்தாரு. கழுவினாலும் போகாது, தேய்ச்சாலும் போகாது, குளிப்பாட்டினாலும் போகாது. ராஜா சந்தோஷத்துல ஒரு தங்கச் சங்கிலியே போட்டாரு.

அப்புறம் என்ன ஆச்சு? தேனுவுக்குத் தோலு செவந்துச்சு. அப்புறம் தடிச்சுச்சு. அப்புறம் கொப்புளமாச்சு. குழந்தை வீல் வீல்னு அழுகுது, பால் குடிக்க மாட்டேங்குது.

ஏகாம்பரத்துக்கு உள்ளுக்குள்ள திக்குன்னு ஆச்சு. ஏன்னு இப்ப சொல்ல மாட்டேன், நீங்களே கண்டுபிடிங்க! ஆனா வெளிய என்ன சொன்னாரு? "ஐயோ, பெரிய கண்ணு பட்டிருக்கு. பொட்டை இன்னும் பெருசா வைக்கணும். இது தொத்து வியாதி வேற, யாரும் கிட்டப் போகாதீங்க. வர்ற அமாவாசைக்குள்ள சரியாகலன்னா குழந்தையைக் காட்டு மண்டபத்துல தனியா வெச்சிடணும், தாயி கூடப் போகக் கூடாது."

ராணிக்கு உசுரே போயிடுச்சு. தண்டோரா போட்டு வைத்தியருங்களைக் கூப்பிட்டாங்க. முதல் வைத்தியர் வந்தாரு, தொத்துன்னு கேட்டதும் வாசல்லயே நின்னு, "வேப்பிலை அரைச்சுப் போடுங்க"ன்னு சொல்லிட்டு ஓடிட்டாரு. ரெண்டாவது வைத்தியர் வந்தாரு, வாசல்லயே நின்னு, "சந்தனம் பூசுங்க"ன்னு சொல்லிட்டு ஓடிட்டாரு. மூணாவது வைத்தியர் வந்தாரு, வாசல்லயே நின்னு, "மஞ்சள் போடுங்க"ன்னு சொல்லிட்டு ஓடப் பாத்தாரு. ராணி அவரு மேல்துண்டைப் பிடிச்சுக்கிட்டா.

"நீங்க யாருமே என் பொண்ணைப் பாக்கக்கூட இல்லையேய்யா!"

"தோலுக்குன்னே ஒருத்தி இருக்காம்மா, புளியந்தோப்புக்கு அந்தாண்ட, அங்காயின்னு பேரு. ஆனா போகாதீங்க. கேள்வி கேட்டே கொன்னுடுவா!"

துண்டை விட்டுட்டு அவரு ஓடியே போயிட்டாரு.

ராணி யோசிக்கவே இல்ல. குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு, மாட்டுவண்டி கட்டச் சொல்லிக் கிளம்பிட்டா. அங்க பாத்தா அங்காயி வீட்டு முன்னாடி ஒரே கூட்டம்! அரிப்பு, படை, தேமல், சேத்துப்புண்ணு, எல்லாம் வரிசையில நிக்குது. உள்ளேர்ந்து ஒரு சத்தம்: "வயித்துவலியா? எழுந்திரு, இங்க எதுக்கு வந்த? தோலு மட்டும்தான்னு எத்தனை தடவை சொல்றது!"

ராணி முறை வந்துச்சு. அங்காயி கையைக் கழுவி, உள்ளங்கையைத் தேய்ச்சு சூடாக்கிக்கிட்டு, குழந்தையை அப்படியே வாங்கி மடியில போட்டுக்கிட்டா. ஓடவே இல்ல!

"கழுவினாலும் போகாத பொட்டு மை குடுத்த எங்க வைத்தியரே தொத்துன்னு சொல்லிட்டாரும்மா..."

"யாரு சொன்னா என்ன, நான் பாத்துக்கிறேன். முதல்ல எங்க வந்துச்சு?"

"கன்னத்துல, நெத்தியில, உள்ளங்கால்ல."

"எங்க வரல?"

"முதுகுல வரல, வயித்துல வரல, தொடையில வரல."

"உன் வீட்டுல வேற யாருக்கு வந்துச்சு?"

ராணி வலது கையை முந்தானைக்குள்ள இழுத்துக்கிட்டா. அங்காயி விடுவாளா?

"கையைக் காட்டு தாயி."

"வேணாம்மா."

"காட்டு."

"காட்டினா எனக்கும் வியாதின்னு சொல்லி என் பொண்ணை என்கிட்டேர்ந்து பிரிச்சிடுவாங்க!"ன்னு சொல்லி ராணி ஓன்னு அழுதுட்டா.

அங்காயி மெதுவா அந்தக் கையை வெளிய எடுத்தா. ஆள்காட்டி விரல் நுனியில மட்டும் கொப்புளம். இந்த விரலால என்ன செய்வாங்க? யோசிச்சீங்களா? ஆங், அதேதான்!

"பொட்டு வெக்கிற விரலு," அப்படின்னா அங்காயி. "தொத்துன்னா, நீ தூக்கிவெச்ச தோள்லயும் இடுப்புலயும் வந்திருக்கணும். விரல்ல மட்டும் எப்படி வரும்? உங்க வைத்தியரு பொட்டு வெச்சாருன்னா எதால வெப்பாரு?"

"மயிலிறகால..."

"தொடவே மாட்டாரா?"

"தொடவே மாட்டாரும்மா!"

அங்காயி ஒரு சிரிப்பு சிரிச்சா பாருங்க! "கழுவினாலும் போகாத மையி. துணியில குறி போடுறதுக்குச் சலவைக்காரங்க சேங்கொட்டைப் பாலுதான் வெப்பாங்க, எத்தனை துவைச்சாலும் அந்தக் குறி போகாது. ஆனா தோல்ல பட்டா பொத்துப்போகும். அதைத்தான் மையில கலந்திருக்காரு. தெரிஞ்சுதான் இறகு வெச்சிருக்காரு. யாரும் கிட்ட வந்து பாத்துடக் கூடாதுன்னுதான் தொத்துன்னும் சொல்லியிருக்காரு."

கொப்புளத்து மேல தேங்காய் எண்ணெய் தடவினா. "பொட்டை இனிமே தொட்டில் கட்டையில வெய்யி. கண்ணு அங்கயே பட்டுட்டுப் போகட்டும்"ன்னு சொல்லி, ராணியோட வண்டியில ஏறி உக்காந்துக்கிட்டா.

அரண்மனையில ஏகாம்பரம் சிமிழும் இறகுமா ரெடியா நிக்கிறாரு.

"ராஜா," அப்படின்னா அங்காயி, "ஊரே உங்களையும்தானே பாக்குது? உங்க கன்னத்துல ஒண்ணு வெக்கச் சொல்லுங்க."

ராஜா ஆசையா கன்னத்தைக் காட்டினாரு. வைத்தியர் சிமிழைப் பின்னாடி இழுத்துக்கிட்டாரு. "ராஜாவுக்கு வேணாம்."

"ஏன் வேணாம்?"

"ராஜாவுக்கு... பழக்கம் இல்ல."

"ஏன் வேணாம்?"

"ராஜாவுக்கு... அழகா இருக்காது."

"ஏன் வேணாம்னு கேக்குறேன்!"

ராஜா முறைச்சுப் பாத்தாரு. "அப்ப நீரு வெச்சுக்கும்யா. உம்ம விரலால, உம்ம மூக்குல."

ஏகாம்பரம் மனசுக்குள்ள கணக்குப் போட்டாரு: இப்ப வெச்சுக்கிட்டு, வெளிய போனதும் கழுவிடலாம். சிரிச்சுக்கிட்டே மூக்கு நுனியில ஒரு பொட்டு வெச்சுக்கிட்டு, விடுவிடுன்னு குளத்துக்கு ஓடினாரு. தண்ணியில கழுவினாரு, போகல. சீயக்காய் போட்டுத் தேய்ச்சாரு, போகல. மணலை அள்ளித் தேய்ச்சாரு, போகவே இல்ல! எப்படிப் போகும்? அழியாத மையாச்சே!

மறுநாள் மூக்கு செவந்துச்சு. அடுத்த நாள் தடிச்சுச்சு. அதுக்கும் அடுத்த நாள் குண்டு கத்தரிக்காய் மாதிரி தொங்குது. அரிப்பு தாங்காம, முக்காடு போட்டுக்கிட்டு, அங்காயி வீட்டு வரிசையில வந்து நின்னாரு. அன்னிக்குப் பாத்து ராஜாவும் ராணியும் தேனுவைக் காட்ட வந்திருக்காங்க.

அங்காயி முக்காட்டை எடுத்தா. "முதல்ல எங்க வந்துச்சு?"

"மூக்குல."

"எங்க வரல?"

"மூக்கையும் பொட்டு வெச்ச விரலையும் தவிர வேற எங்கயும் வரல."

"எதைத் தொட்டீரு?"

ஏகாம்பரம் ராஜாவைப் பாத்தாரு. மூக்கைப் பிடிச்சுக்கிட்டாரு. அரிப்பு தாங்கல. "சேங்கொட்டை தாயி, சேங்கொட்டை! குழந்தைக்குக் கொப்புளம் வந்ததுமே அதனாலதான்னு எனக்குத் தெரியும், சங்கிலி போயிடுமேன்னு வாயைத் திறக்கல. எண்ணெயைக் குடு தாயி!"

அங்காயி எண்ணெயைக் குடுத்தா. ராஜா சங்கிலியைப் பிடுங்கிக்கிட்டு அவரை ஊரை விட்டே அனுப்பிட்டாரு. அப்புறம் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "அழியாத பொட்டு கேட்டவன் நான்தானே"ன்னு சொன்னாரு. ராணி குழந்தையை அவர் கையில குடுத்தா. தேனு பொக்கை வாயால சிரிச்சு அவரு மீசையைப் பிடிச்சு இழுத்துச்சு, கன்னம் வழவழன்னு இருக்கு!

அதனால குழந்தைக்கு ஒண்ணுன்னா தூர நின்னு மருந்து சொல்றவங்ககிட்டப் போகாதீங்க, மடியில போட்டுப் பாக்குறவங்ககிட்டப் போங்க, அவங்க கேக்குற கேள்விக்கு ஒளிக்காம பதில் சொல்லுங்க.

தேனு தொட்டில்ல தூங்கிடுச்சு, பொட்டு கட்டையில முழிச்சிருக்கு, என் கதையும் முடிஞ்சிடுச்சு.